‘ஊருக்குள்ளயா, தள்ளியா?’ – சாதி பார்ப்பதை எப்படி அளப்பது?

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதித் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்த தோழர்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் தூங்கினால் யாரும் எழுப்ப வேண்டாம். முக்கியமான இடம் வரும்போது நானே சத்தமாகப் பேசிவிடுகிறேன்.

போன மாதம் நாம் ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். ‘நீங்கள் சாதி பார்ப்பீர்களா?’, ‘எல்லோரும் சமம் என்று நம்புகிறீர்களா?’, ‘இடஒதுக்கீடு தேவையா?’, ‘வேறு சாதியில் திருமணம் செய்துகொள்ளத் தயாரா?’ இப்படிச் சில கேள்விகள். ரூம்களிலும் டீக்கடைகளிலும் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களிலும் கொடுத்து டிக் அடித்து வாங்கினோம். இடஒதுக்கீட்டுக் கேள்விக்கு மட்டும்தான் கொஞ்சம் சண்டை நடந்தது. மற்றபடி யாரும் சாதி பார்ப்பதில்லை, எல்லோரும் சமம், வேறு சாதியில் திருமணத்துக்கும் பெரும்பாலானவர்கள் தயார். தாள்களை எண்ணி முடித்த தோழர் ஒருவர், ‘ஒரகடத்தில் சாதி ஒழிந்துவிட்டது, அடுத்து எந்த ஊருக்குப் போகலாம்?’ என்று குழுவில் பதிவு போட்டார். எல்லோரும் சிரித்தோம்.

நம் வட்டத்துக்கு வரும் ஒரு தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டார்: “அண்ணா, வீடு கேட்டுப் போனா ‘நீங்க என்ன ஆளுங்க’ன்னு கேக்குறவங்களும் இதே ஏரியாவுலதான இருக்காங்க? அவங்க எந்தப் பக்கம் டிக் அடிச்சாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதலில் என்னுடைய தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அதை நிரப்பியவன்தான். ‘சாதி பார்ப்பீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று யோசிக்காமல் டிக் அடித்தேன்.

நான் டிப்ளமோ முடித்து ட்ரெய்னியாக இங்கே வந்தது 2016இல். இடைநிலைச் சாதிக் குடும்பம். ஒரகடம் பக்கத்தில் நான்கு பேர் ஒரு ரூமில் இருந்தோம். அதில் ஒருவன் எனக்கு ரொம்ப நெருக்கம். ஒரே லைன், ஒரே ஷிப்ட். மாசக் கடைசியில் யார் பாக்கெட்டில் இருந்தாலும் அது இரண்டு பேர் காசுதான். கள்ளக்குறிச்சி பக்கத்தில் ஒரு கிராமம், காலனியிலிருந்து வந்தவன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேசாமல் இருப்பதுதான் சாதி பார்க்காமல் இருப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018இல் அம்மா ஊரிலிருந்து வந்தார்கள். ரூமிலேயே சமைத்துப் போட்டார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவன் முறை வந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னான். அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்கள்: “ஊருக்குள்ளயா தம்பி, தள்ளியா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “ஊருக்குள்ளதாம்மா. மெயின் ரோட்டு மேலயே வீடு.”

அவன் தலை நிமிரவில்லை. சாப்பிட்டு முடித்தான். அம்மா ஊருக்குப் போன அன்று இரவு என்னிடம் கேட்டான்: “என் ஊர நீ ஏன்டா மாத்துன?”

நான் ஏதோ சொன்னேன். உனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான், அம்மா பழைய காலத்து ஆள் என்றுதான். அடுத்த மாதம் அவன் வல்லம் பக்கம் வேறு ரூமுக்குப் போய்விட்டான். ஷிப்டுக்கு அதுதான் வசதி என்றான்.

இப்போது சொல்லுங்கள். என் தாளில் இருந்த டிக் சரியா, தப்பா? நான் பொய் சொல்லவில்லை. சாதி கூடாது என்று உண்மையாகவே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் நம்பிக்கை ஒரு வேலையும் செய்யவில்லை. நான் காப்பாற்றியது அவனை அல்ல. அம்மாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு சண்டை வந்துவிடாமல் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு அவனுடைய ஊரை விலையாகக் கொடுத்தேன்.

நாம் அளக்கத் தவறியது இதைத்தான். கருத்து ஒன்று, உறுதி ஒன்று, செயல் ஒன்று. ‘சாதி தவறு’ என்பது கருத்து. ‘நான் சாதி பார்க்க மாட்டேன்’ என்பது உறுதி. “ஊருக்குள்ளயா, தள்ளியா?” என்று கேட்கும்போது வாயிலிருந்து வருவதுதான் செயல். நம் கேள்வித்தாள் முதல் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு மூன்றாவதும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

ஏன் எல்லோரும் நல்லபடியாக டிக் அடிக்கிறார்கள்? கேட்பவர் முன் நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டு மனிதருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இங்கே ஒரு நூற்றாண்டாகச் சாதி எதிர்ப்பு இயக்கம் நடந்திருக்கிறது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பெரியாரும் அம்பேத்கரும் பேசிப் பேசி, ‘நான் சாதி பார்ப்பேன்’ என்று பொதுவில் சொல்ல வெட்கப்படும் நிலையை உருவாக்கியிருக்கிறார்கள். இந்த வெட்கம் ஒரு வெற்றி. அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் அந்த வெட்கம் சரியான விடை எது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று சாதி பார்ப்பவருக்கும் தெரியும்.

ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பல வழிகளில் எதிர்கொண்டிருக்கிறார்கள். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு என்று ஒன்று உண்டு. 2011–12இல் நாடு முழுக்க 42,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்தது. அதில் முதலில், உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ பிரச்சினையா என்று அடுத்ததாகக் கேட்டார்கள். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற சிலர் இரண்டாவதில் ‘ஆமாம், பிரச்சினைதான்’ என்றார்கள். இரண்டையும் சேர்த்தால் 27 விழுக்காடு வீடுகள். ‘தீண்டாமை’ என்ற சொல்லைக் கேட்டால் உஷாராகிறவர், ‘அடுப்பங்கரை’ என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

2019–20இல் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் கருத்துக் கேட்டு 2021இல் வெளியிட்டது. பட்டியல் சாதியைச் சேராதவர்களில் 72 விழுக்காட்டினர் தலித் ஒருவர் அண்டை வீட்டுக்காரராக வரச் சம்மதம் என்றார்கள். அதே ஆய்வில், தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 விழுக்காடு; ஆண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 62 விழுக்காடு. பக்கத்து வீட்டுக்கு வரலாம், வாசல்படி தாண்டிச் சம்பந்தம் பேச வரக் கூடாது.

இந்தப் படிக்கட்டை அளக்க 1925இலேயே எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு வழி சொன்னார். வேறு இனத்தவரை உன் நாட்டுக்குள் விடுவாயா, குடிமகனாக ஏற்பாயா, உடன் வேலை செய்வாயா, பக்கத்து வீட்டில் இருக்கலாமா, நண்பனாக்கிக் கொள்வாயா, சம்பந்தம் செய்வாயா என்று படிப்படியாகக் கேட்பது. எந்தப் படியில் ஒருவர் நிற்கிறார் என்பதுதான் அளவு. அதை நம் ஏரியாவில் வைத்துப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்: பிரச்சினை இல்லை. ஒரே லைன்: இல்லை. கேன்டீனில் ஒரே மேசை: இல்லை. ஒரே ரூம்: கொஞ்சம் விசாரிப்பார்கள். வீடு வாடகைக்கு: ‘என்ன ஆளுங்க?’ ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் வீட்டுக்குள் சாப்பாடு: யோசனை. தங்கச்சி காதலித்தால்? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, அதுதான் அந்தக் கடைசிப் படி. சாதி ஒழிய அகமண முறை உடைய வேண்டும் என்று அம்பேத்கர் 1936இலேயே அந்தப் படியைக் காட்டிச் சொன்னார். நாம் கீழ்ப்படிகளில் கேள்வி கேட்டுவிட்டு மேல்படிக்கும் சேர்த்து மார்க் போட்டுக்கொண்டோம்.

தொழிலாளி மட்டுமா இப்படி? மேலே ஏசி அறையில் இருப்பவர்களும் அளக்கப்பட்டிருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்த ஆய்வு 2007இல் வந்தது. தனியார் நிறுவனங்கள் செய்தித்தாளில் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். ‘தகுதி மட்டும்தான் பார்ப்போம்’ என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நேர்காணலில் குடும்பப் பின்னணி கேட்பதும் பெரும்பாலும் எல்லோருக்கும் வழக்கம். இங்கே இன்டர்வியூவுக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கம்தான்: “அப்பா என்ன பண்றார்? சொந்த ஊரு எங்க?” அதுவும் ஒரு ‘ஊருக்குள்ளயா, தள்ளியா’தான். கேட்பவர் டை கட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் மனிதர்கள் எல்லோரும் வேடதாரிகள், மனசை மாற்றவே முடியாது என்று முடித்துவிடலாமா? கூடாது. எதிர்ப்பக்கத்துக்கும் சான்று இருக்கிறது.

ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள்மீது அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்ட 128 பேரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். நம் கேள்வித்தாளுக்கு நேர் எதிர். தாளில் மோசமாகச் சொன்னவர்கள் நேரில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் மனசு முழுக்க மாறும்வரை செயல் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை நம் ஆட்கள் லாபியரைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டார்கள். சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, அவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகளின் மனப்பான்மை எத்தனை விழுக்காடு மாறியிருக்கிறது என்று அவர் கணக்கெடுத்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் சீட்டில் உட்கார வைத்தார். இன்று காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ் ஏறும்போது யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உத்தரவுகளும் போராட்டங்களும் இருக்கின்றன.

ஆகவே, மனப்பான்மையை அளப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. எதை அளப்பது, யாரை அளப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடமெல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர்களைக் கூப்பிட்டு ‘நீங்கள் சமத்துவத்தை நம்புகிறீர்களா?’ என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அவர் வேறு விஷயங்களைப் பார்த்தார். குடியிருக்கும் மனை யார் பெயரில் இருக்கிறது, நிலம் கேட்டு மனு போட்டால் யார் தடுக்கிறார்கள், தண்ணீர் எங்கே கிடைக்கிறது, கடன் யாரிடம். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. அந்த நிலங்கள் பின்னால் எப்படிக் கைமாறின என்பது தனிக் கதை. அவற்றை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

உத்தப்புரமும் அப்படித்தான் வெளியே வந்தது. கிராமம் கிராமமாகப் போய், எங்கே தனிக் குவளை, எங்கே செருப்புப் போடத் தடை, எங்கே சுவர் என்று கணக்கெடுத்தார்கள். 2008 மே மாதம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மனசுக்குள் இருப்பதை இல்லை என்று சொல்லிவிடலாம், சுவரை அப்படிச் சொல்ல முடியாது.

நம் பகுதியில் சுவர் எங்கே இருக்கிறது? 2022 அக்டோபரில் இதே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. உலகத்துக்கே காரும் போனும் செய்து அனுப்புகிற ஊர் இது. ரோபோ வெல்டிங் செய்கிறது, தொட்டிக்குள் மட்டும் மனிதர் இறங்குகிறார். நம் கேள்வித்தாளை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் எல்லோரும் ‘சாதி பார்ப்பதில்லை’ என்றுதான் டிக் அடிப்பார்கள். டிக் அடித்துவிட்டு அடுத்த தொட்டிக்கு யாருக்குப் போன் செய்வார்கள் என்பதுதான் அளவு.

அதனால் புதிதாக ஒரு தாள் தயாரித்திருக்கிறோம். ‘நம்புகிறீர்களா?’, ‘தயாரா?’ என்ற சொற்களே இதில் இல்லை. ஐந்து கேள்விகள்.

ஒன்று: உங்கள் ரூமில், லைனில் இருக்கும் வேறு சாதி நண்பர் வீட்டில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? அவர் உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

இரண்டு: காலனியில் நடந்த நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் எடுத்த போட்டோவைச் சொந்தக்காரர்கள் பார்க்கும்படி ஸ்டேட்டஸ் வைத்தீர்களா?

மூன்று: உங்கள் இடத்தில் நிரந்தரம் யார், காண்ட்ராக்ட் யார், கழிவறை கழுவுபவர் யார்? கழுவுபவரின் பெயர் தெரியுமா?

நான்கு: உங்கள் முன்னால் ஒருவர் இன்னொருவரைச் சாதி தெரிந்துகொள்ளும்படி விசாரித்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

ஐந்து: அடுத்த முறை விசாரித்தால் என்ன சொல்வீர்கள்? அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்.

ஐந்தாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘செய்வேன்’ என்று பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட, இந்த இடத்தில், இந்த நிலைமை வந்தால், இதைச் செய்வேன் என்று முன்பே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். என்னிடம் 2018இல் உறுதி இருந்தது, வாக்கியம் இல்லை. வாக்கியம் இல்லாதவன் வாயில் பழைய வாக்கியம்தான் வந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாளைத் தலித் தோழர்களிடம் கொண்டுபோய், ‘நீ சொல், உனக்கு என்ன நடந்தது’ என்று உட்கார வைக்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள். கணக்குக் கொடுக்க வேண்டியது நாம், என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். தாளில் பெயரும் வேண்டாம், சாதியும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2022இல் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பையன் வீடு ஊருக்குள் இல்லை, காலனியில், நான்தான் பொய் சொன்னேன் என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: “அன்னைக்கு அவன் சாப்பிட்ட தட்டு எதுடா?”

நான்கு வருடம் கழித்துத் தட்டைக் கேட்கிறார்கள். “எல்லாம் ஒரே தட்டுதாம்மா. நீயும் அதுலதான் சாப்பிட்ட” என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. இப்போது பேசுகிறார்கள். அந்த விஷயத்தை மட்டும் பேசுவதில்லை. அம்மா மாறிவிட்டார்கள் என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அவனை வல்லக்கோட்டை போகிற வழியில் எப்போதாவது பார்ப்பேன். நின்று டீ குடிப்போம். முதல் கேள்வி எப்போதும் அவனுடையதுதான்: “அம்மா எப்படி இருக்காங்க?” என் முதல் தாளில் அதற்கு இடமே இல்லை. புதிய தாளில் முதல் கேள்விக்கு நான் எழுதியிருப்பது இதுதான்: அவன் என் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது 2018. அவன் வீட்டில் நான் சாப்பிட்டதே இல்லை. அவன் கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிடும்படி நான் நடந்துகொண்டேனா என்று இந்தத் தாளை நிரப்பும்போதுதான் யோசித்தேன்.

தாள்கள் கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இன்றைக்கே கொடுக்க வேண்டாம். ரூமுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது ஐந்தாவது கேள்விக்கான வாக்கியத்தை மட்டுமாவது எழுதிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிப்போம். வீட்டில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை இங்கே சொல்லிப் பழகுவோம்.

பின்வரிசைத் தோழர்களை இப்போது எழுப்பிவிடலாம்.